பழைய மூக்கு கேட்டு வந்த பெண்

1. யார் சொல்லி வந்தீங்க?

கே.கே. நகரில் நான் கிளினிக் போட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. காஸ்மெடிக் சர்ஜன் என்றால் சினிமாக்காரர்களுக்கு மூக்குச் செதுக்குகிறவள் என்றுதான் என் சொந்தக்காரர்களே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் என்னைப் பிடித்து நிறுத்தி, தாடைச் சதையைக் கிள்ளிக் காட்டி, இதை ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்பார்கள். குறைத்துச் சாப்பிடச் சொல்வேன். அதனாலேயே எனக்கு முசுடு என்று பெயர். உண்மையில் என் வேலையில் பெரும்பகுதி தீக்காயத் தழும்பும், விபத்தில் கிழிந்த முகங்களும், பிள்ளைகளின் உதட்டுப் பிளவும்தான். அழகுக்கென்று வருகிறவர்களை மிச்ச நேரத்தில்தான் பார்ப்பேன்.

அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'யார் சொல்லி வந்தீங்க?' என்றுதான். பெண் பார்க்க வந்தவன் சொன்னான், மாமியார் சொன்னார், ஆபீஸில் கேலி செய்தார்கள் என்று பதில் வந்தால், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். நிறையப் பேர் அப்புறம் வருவதே இல்லை, எனக்கு அது சந்தோஷம். நிறம் வெளுக்க ஊசி கேட்பவர்களை உட்காரவே வைப்பதில்லை. ஏதோ ஒரு பார்லரில் உதட்டைப் பருமனாக்க ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டு, உதட்டின் ஓரம் கறுத்து அழுகத் தொடங்கிய நிலையில் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்தாள். அவளுடைய உதட்டைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் டெக்னிக் கற்றுக்கொடுங்கள் மேடம் என்பார்கள். டெக்னிக் புத்தகத்தில் இருக்கிறது, இதைக் கேளுங்கள் என்று ஈஸ்வரியைப் பற்றிச் சொல்வேன். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது இதுதான்.

2. உடையாத மூக்கு

வாடிப்பட்டியிலிருந்து அம்மாவும் மகளுமாக வந்தார்கள். மகள் ஈஸ்வரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். களையான முகம். மூக்கு கொஞ்சம் அகலம், ஆனால் அந்த முகத்துக்கு அது பாந்தமாகவே இருந்தது. மேலுதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மூக்கு உடைந்துவிட்டது, பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று அம்மா சொன்னார். யார் சொல்லி வந்தீங்க என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். ஈஸ்வரி அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, தானாகத்தான் வந்ததாகச் சொன்னாள்.

பழைய மூக்கு எப்படி இருந்தது என்று காட்ட, அம்மா போனில் ஒரு படம் வைத்திருந்தார். கோயில் வாசலில் எடுத்தது. அதே கண், அதே நெற்றி, அதே மச்சம். மூக்கு மட்டும் கூராக, நுனி சற்றுத் தூக்கினாற்போல இருந்தது. இதேமாதிரி வந்துவிட வேண்டும், கொஞ்சம்கூட மாறக் கூடாது என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தேன். நடுத்தடுப்பு நேராக இருந்தது. உடைந்து ஒட்டிய எலும்பை வெளியிலிருந்து தடவினால் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். இவளுக்கு அது இல்லை. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், அதிலும் எதுவும் தெரியவில்லை. அந்த மூக்கு பிறந்ததிலிருந்து ஒரு அடியும் வாங்கியதில்லை.

இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அழகான மூக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, விபத்து என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். வந்தார்கள். நல்லது கெட்டது எல்லாம் விளக்கினேன். ஈஸ்வரி தலையாட்டினாள், கேள்விகளையெல்லாம் அம்மாதான் கேட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம்.

முந்தின நாள் மாலை, நாங்கள் எடுத்த பக்கவாட்டுப் படத்தையும் அவர்கள் கொடுத்த படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கையே பார்த்துப் பார்த்துக் கண் சலித்துக் காதுக்குப் போனது. பழைய படத்தில், தோடு போடுகிற சதை கன்னத்தோடு ஒட்டியிருந்தது. ஈஸ்வரிக்கு அது தனியாகத் தொங்கியது. மூக்கு உடையலாம், பல் விழலாம், உடம்பு பெருக்கலாம். காது அப்படி மாறாது. படத்தில் இருப்பது இவள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஆபரேஷனை நான் ரத்து செய்யவில்லை. காரணம் இருந்தது. ஈஸ்வரியோடு தனியாகப் பேசுவதற்கு அம்மா ஒரு நிமிடம்கூட இடம் விட்டதில்லை. அம்மா வர முடியாத ஒரே இடம் தியேட்டர்தான்.

3. பெயர் கேட்கிற நேரம்

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளியின் பெயரையும் என்ன ஆபரேஷன் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பது எங்கள் தியேட்டரின் கட்டாய வழக்கம். எத்தனை தடவை பார்த்த முகமாக இருந்தாலும் கேட்க வேண்டும். எங்கள் தியேட்டர் நர்ஸ் மேரி இதில் என்னைவிடக் கறார்.

அதற்கு முன் முகத்தைத் துடைப்பார்கள். மேரி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டு வந்தார். மேலுதட்டுக்கு வந்ததும் மச்சம் பஞ்சோடு வந்துவிட்டது. மை. ஈஸ்வரி பதறிப்போய்க் கையை எடுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டாள். மேரி என்னைப் பார்த்தார். நீங்கள் கேளுங்கள் என்று சைகை காட்டினேன்.

"உங்க பேரச் சொல்லுங்கம்மா."

"கனகா."

மேரி கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஈஸ்வரி என்றுதான் எழுதியிருந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் கனகா என்றே பதில் வந்தது. மயக்க மருந்து டாக்டர் கையிலிருந்த சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டார். அன்றைக்கு எங்களிடம் வேறு நோயாளியே கிடையாது, ஆள் மாற வழியில்லை. இன்னும் எந்த ஊசியும் போடவில்லை, மாத்திரை மயக்கம் என்றும் சொல்ல முடியாது. பெயரைச் சொன்னபோது மானிட்டரில் நாடித்துடிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. தன் பெயரைச் சொல்கிறவளுக்கு ஏன் ஏறப்போகிறது.

நான் குனிந்து, "அப்ப ஈஸ்வரி யாரு?" என்று கேட்டேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி யோசித்தாள். எப்போதோ தெரிந்த ஒருத்தியை ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நான்தான் டாக்டரம்மா. மறந்துட்டேன்."

அவளை எழுப்பிப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்துப் பேச வைத்தேன். கனகா அவளுடைய அக்கா. கைக்குழந்தையை விட்டுவிட்டு மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். குழந்தைக்காக ஈஸ்வரியை மச்சானுக்கே கட்டிவைத்தார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் பேரையூர். மச்சான் லாரி டிரைவர், வேலைக்காக வாடிப்பட்டிக்குக் குடிவந்தார்கள், அம்மாவும் கூடவே வந்துவிட்டார். அதுவரைக்கும் நம் பக்கத்தில் நடக்கிற கதைதான்.

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பர்த் சர்டிபிகேட்டில் தாயார் பெயர் கனகா என்று இருந்தது. மிஸ் இவளைக் கனகா என்று கூப்பிட்டார். சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டுமா, அப்படியே இருக்கட்டும் என்றார் அம்மா. பிறகு தெருவில் எல்லோரும் கனகா என்றார்கள். அப்புறம் வீட்டுக்காரர். கடைசியில் பெற்ற தாயும். அக்காவின் படங்களைப் பார்த்துக் குழந்தை, இது நீயா என்று கேட்டபோது ஆமாம் என்றார்கள். மூக்கு ஏன் வேறமாதிரி இருக்கு என்று அது கேட்க, ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் உடைந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்த விபத்து முதன்முதலில் சொல்லப்பட்டது எனக்கு இல்லை, ஒரு குழந்தைக்கு.

"வருசத் திதிக்கு அம்மா இலை போடுவாங்க. அக்காவுக்கு அதிரசம் பிடிக்கும். ஆனா இலையில அத வைக்க மாட்டாங்க. எனக்குப் பிடிச்ச குழிப்பணியாரந்தான் இருக்கும். எங்க வீட்டுல செத்தது ஈஸ்வரிதான் டாக்டரம்மா."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ஆறிய காபியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில், இத்தனை வருடம் ரத்தத்தையும் சதையையும் பார்த்த பிறகு, உட்கார்ந்து பேசுகிற ஒரு பெண்ணைப் பார்த்து நான் பயந்தேன். இந்த மூக்கு உனக்கு வேண்டுமா என்று நேராகக் கேட்டேன். பண்ணிவிட்டால் முடிந்துவிடும் அல்லவா, இரண்டு பேராக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்றாள்.

4. வெளியே காத்திருந்த அம்மா

கொடுமைக்கார அம்மா ஒருத்தியை எதிர்பார்த்துத்தான் வெளியே போனேன். பிளாஸ்க்கும் டிபன் பையும் மடியில் வைத்துக்கொண்டு, தூங்காத கண்ணோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் செய்ய மாட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும் என்றேன். அவர் சண்டை போடவில்லை. எனக்குப் பொறுமையாகப் புரியவைக்கப் பார்த்தார்.

"கனகாவத் தேடுறதுக்கு ஒரு பிள்ளை இருக்கு டாக்டரம்மா. ஈஸ்வரியத் தேட யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்களே" என்றேன்.

அதற்குள் மகள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அம்மா எழுந்துபோய், கலைந்திருந்த அவள் முடியை ஒதுக்கி, நேர்வகிட்டைக் கோணல் வகிடாக மாற்றிவிட்டார். கோயில் வாசல் படத்தில் அப்படித்தான் இருந்தது.

ஈஸ்வரியின் சம்மதத்தோடு அவள் கணவருக்கு என் அறையிலிருந்து போன் செய்தேன். அந்த மனிதராவது ஏதாவது சொல்வார் என்று நம்பினேன். லாரி ஓடுகிற சத்தம் கேட்டது. கிளினிக்கிலிருந்து பேசுகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கனகாவுக்கு ஒண்ணுமில்லையே டாக்டர்?" என்பதுதான். ஈஸ்வரி எனக்கு எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

தெரிந்த மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். ஒரு தடவை போனார்களாம். அங்கேயும் எல்லாக் கேள்விக்கும் அம்மாதான் பதில் சொன்னாராம். அடுத்த தடவை போகவில்லை. நான் போன் செய்தபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மற்ற வேலைகளில் மூழ்கிப்போனேன்.

5. தங்கச்சி படம்

அடுத்த வருடம் மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை ஓ.பி.யில், சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கூர் மூக்கு, நுனி சற்றே தூக்கல். யார் செய்தார்களோ, வேலை சுத்தம். தையல் தடம்கூடத் தெரியவில்லை. ஒரு சர்ஜனாக நான் அதை ரசித்தேன் என்று சொன்னால் என்னைத் திட்டாதீர்கள், கண் பழக்கம் அப்படி. அதற்குப் பிறகுதான் அது யார் முகம் என்று புரிந்தது.

ஈஸ்வரி, எப்படி இருக்கீங்க என்றேன். அவள் சிரித்தாள். மரியாதையான, முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஈஸ்வரி என் தங்கச்சி டாக்டரம்மா. இறந்துட்டா. உங்ககிட்டதான் வைத்தியத்துக்கு வந்தா. அவ போட்டோ உங்ககிட்ட இருக்கும்ல?"

வீட்டில் தங்கச்சியின் படம் ஒன்றுகூட இல்லை, திதி வருகிறது, மாலை போட ஒரு படம் வேண்டும் என்றாள். குழந்தை வேறு, சித்தி எப்படி இருப்பாங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். சிறுமி என்னை ஆவலோடு பார்த்தாள். நான் அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு அசைவாவது தெரிகிறதா என்று தேடினேன். அந்தக் கண்ணை எந்த சர்ஜனும் தொட்டிருக்கவில்லை, அது ஈஸ்வரியின் கண்தான். அதில் எனக்கு அடையாளம் தெரிந்தவள் யாரும் இல்லை.

நோயாளியின் படத்தை நோயாளிக்குத் தவிர வேறு யாருக்கும் தரக் கூடாது என்பது எங்கள் விதி. வேறு எதையும் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஈஸ்வரி வந்து கேட்டா அப்பவே குடுத்துருவேன்மா."

அவள் என் மேல் இரக்கப்படுவதுபோலப் பார்த்தாள். பிறகு மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அவ வரமாட்டா டாக்டரம்மா."

போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மீதி நோயாளிகளை நான் பார்க்கவில்லை.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும், அதைச் சொல்லிவிட்டதாலேயே அந்த ஆள் பிழைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விட்ட கத்தியை எடுக்க அடுத்த தெருவில் ஒரு கை இருக்கும். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே, கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன். எவ்வளவு முறைத்தாலும் சரி. வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களை மாதம் ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்லி ஒரு நர்ஸுக்கு வேலை கொடுத்திருக்கிறேன்.

ரிசப்ஷனிலும் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். ஈஸ்வரி என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் எப்போது வந்தாலும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு உடனே கையில் கொடுத்துவிட வேண்டும். படத்தில் இருக்கும் முகமும் வந்த முகமும் ஒன்றாக இருக்காது, அதைப் பார்க்காதீர்கள், பெயரை அவள் வாயால் சொன்னால் போதும் என்றிருக்கிறேன். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.