அண்ணையின் திதியும் அமெரிக்கப் பயணமும்

அமெரிக்க விமான நிலையங்களில் ஃபோனை வாங்கித் துருவுகிறார்கள், பிடிக்காததைக் கண்டால் திருப்பி அனுப்புகிறார்கள் என்று செய்தியில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகளுக்கு நியூயோர்க்கில் வேலை கிடைத்திருந்தது. இங்கே பிரிட்டனில், செவன் கிங்ஸில் வளர்ந்த பிள்ளை, கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். “எனக்கென்ன பயம் அம்மா?” என்று சிரித்தாள். அவளுடைய ஃபோனில் என் அண்ணை இருந்தார், இயக்கச் சீருடையில், துவக்கோடு. அந்த இயக்கம் அங்கே தடை செய்யப்பட்டது.

அண்ணை சண்டையில் இறந்தவர். ஒவ்வொரு வருஷமும் அவருடைய திதிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒரே படத்தைத்தான் போடுவோம். புறப்படும் முன் மகளின் ஃபோனிலிருந்து அந்தப் படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விமானம் கிளம்பி இரண்டு மணித்தியாலத்தில் டொரொண்டோவில் இருக்கும் தங்கச்சி குழுவில் எழுதினாள்: “இண்டைக்கு அண்ணையின்ர திதி.” கீழே அதே படம். திதி வருஷா வருஷம் தேதி மாறும். டிக்கெட் எடுக்கும்போது விலை பார்த்தேன், பனி கொட்டுமா என்று பார்த்தேன், பஞ்சாங்கம் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவரின் திதியை மறந்த சென்மம் நான்.

போட்ட படத்தை அழிக்கச் சொல்லத் தங்கச்சியை விடாமல் அழைத்தேன். வேலைக்குப் போய்விட்டாள், ஷிப்ட் முடியும்வரை அவள் ஃபோன் லாக்கரில் கிடக்கும். சொந்தங்களோ குழுவில் ஒவ்வொருவராகப் பூவும் விளக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தை அழி என்று மகளுக்கு எழுதப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். அதையும் விமான நிலையத்து அதிகாரிகள் வாசிப்பார்களே!

விமானம் இறங்கிவிட்டதாக இணையத்தில் காட்டியது. அதன்பிறகு இரண்டு மணித்தியாலம் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தேத்தண்ணியை மடியில் கொட்டிக்கொண்டேன், சுட்டதே தெரியவில்லை. கடைசியில் அழைப்பு வந்தது.

“வெளியில வந்திட்டன் அம்மா.”

“ஃபோனைப் பாத்தவங்களோ?”

“ஓம். மாமான்ர படத்தைக் காட்டி ஆர் எண்டு கேட்டவங்கள். குரூப்பில ஆரோ போட்டது, எனக்குத் தெரியாது எண்டு சொல்லிட்டன்.” பிறகு கேட்டாள்: “மாமா கோவிக்க மாட்டார்தானே?”

“மாட்டார் பிள்ளை.”

அண்ணை உயிரோடு இருந்தபோது, ஊரில் ஒரு ஆமிக்காரன் அவருடைய படத்தை நீட்டி, ஆர் என்று என்னிடம் கேட்டான். நானும் தெரியாது என்றுதான் சொன்னேன். இதை மகளிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு, “சாப்பிட்டியோ?” என்று கேட்டேன்.