கை நனைத்த வீடு

விலை பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு வீடுகளைக் கோட்டைவிட்டேன். முதல் வீடு அருப்புக்கோட்டைக்குள்ளேயே இருந்தது. ஐம்பதாயிரம் வித்தியாசத்தில் பேச்சு நின்றது. கொஞ்ச நாள் போனை எடுக்காமல் இருந்தால் அவர்களே இறங்கி வருவார்கள் என்று இருந்துவிட்டேன். அவர்கள் இறங்கி வரவில்லை. வேறொருவர் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது வீடு விருதுநகர் ரோட்டில். அங்கே நான் சொன்ன விலையைக் கேட்ட வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அது நாங்கள் வெளியே போவதற்கு என்று எனக்கு விளங்கவே சற்று நேரம் ஆயிற்று.

வளர்ப்பு அப்படி. நான் பிறந்தது பாத்திரக்கடைக்காரர் வீட்டில். குடம் வாங்க வருகிறவர் அதைத் தட்டிப் பார்ப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், அடியில் ஒரு நசுங்கல் இருக்கிறதே என்பார். அப்பா முகத்தைச் சுளிப்பார். பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கும். நொட்டை சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறவரைப் பற்றி எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சிரித்துக்கொள்வோம். வீட்டையும் நான் குடத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். சுவரைத் தட்டினேன், தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தேன், கதவின் அடியில் கரையான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

மூன்றாவதாகப் பாலவனத்தத்தில் ஒரு வீடு வந்தபோது எங்களுக்கு அவசரம் கூடியிருந்தது. வாடகை வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தை பிறப்பதற்குள் காலி செய்துவிடச் சொல்லியிருந்தார். என் கணவருக்கு அருப்புக்கோட்டையில் பெயின்ட் கடையில் வேலை. எனக்கு விருதுநகரில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதும் வேலை. பாலவனத்தம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு வீடு அமைந்தால் காலையில் நான் பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் நேரம் பாதியாகக் குறையும். இதையெல்லாம் அவர் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. "இதையாவது விட்டுறாத" என்று மட்டும் சொன்னார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை என்பதால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு உறைத்தது.

வங்கி தருகிற லோனையும் கையிருப்பையும் கூட்டிப் பார்த்ததில் எங்களால் முடிந்தது இருபத்து மூன்று லட்சம். பத்திரச் செலவைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம். பத்தொன்பதில் தொடங்குவது, இழுத்து இழுத்து இருபத்தொன்றரையில் முடிப்பது என்று நான் திட்டம் போட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி வீடு. மகள் இருக்கும் திருப்பூருக்கே போய்விடலாம் என்று அவரும் அவருடைய வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்ததோடு சரி. பேச்சு முழுக்க அந்த அம்மாளுடையதுதான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

"இருபத்தாறு சொல்றோம் தாயி. குமாரலிங்கபுரத்துக்குத் துணி மில்லுப் பார்க்கு வருது, பார்க்கு வருதுன்னு அவனவன் முப்பது சொல்றான். நாங்க அப்பிடிச் சொல்லல" என்றார்.

விலையைக் கேட்டதும் பதில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. சமையலறையில் பக்கெட்டைப் பார்த்தேன். உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தது. "போர்த் தண்ணி உப்போ?" என்றேன். குளியலறைக் கதவின் அடிப்பகுதி ஊறிப்போயிருந்தது. "இந்தக் கதவ மாத்தணும் போலயே" என்றேன். பிறகு மொட்டைமாடியைப் பார்க்கிறேன் என்று தனியாக மேலே போனேன். தட்டோடுகள் சில இடங்களில் பிளந்திருந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு பிளவும் எனக்குப் பத்தாயிரம் ரூபாய்.

பிளவுகளை எண்ணி முடித்து இறங்கி வந்தால், என் கணவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுக் குழம்பு. பிசைந்து, உருட்டி, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு முன்னால்தான் எங்கள் வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டிருந்தார்.

"நீயும் ரெண்டு வாய் சாப்பிடு தாயி" என்றார் அக்கா. எனக்குப் பசியில்லை என்றேன். வற்புறுத்தவில்லை. என் கணவர் எழுந்து கை கழுவும்வரை காத்திருந்து, துடைத்துக்கொள்ளத் துண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி கை நனைச்சுட்டாக. இனி நாங்க ஒரு வெல, நீங்க ஒரு வெலன்னு மல்லுக்கு நிக்கிறது மொறையில்ல. நீங்களே ஒரு வெலயச் சொல்லுங்க. அதுக்கு மேல நான் பேச மாட்டேன்."

விற்கிறவரே விலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போவது என் குலத்தில் யாரும் கேள்விப்படாதது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறோம் என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பைக்கில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது.

"உங்களுக்கு அம்புட்டுப் பசியா?"

"இல்ல."

"பெறகு எதுக்குச் சாப்பிட்டீக?"

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவுக சாப்பிடுறீகளான்னு கேட்டாக. அத சும்மா கேக்க மாட்டாக. அதான் உக்காந்தேன்."

என் கணவர் பரளச்சியில் வளர்ந்தவர். மாமனார் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அக்கம்பக்கம் எல்லாம் சம்சாரி வீடுகள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் சம்மதமாகும்வரை யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். சோற்றில் கை வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த முறையை அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் நிலத்துக்கும் வீட்டுக்கும்கூட வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறார்.

"வாசல்ல இருந்து நீ மாடியில நிக்கிற நிப்பப் பாத்தேன். இதுவும் போச்சுன்னு தோணுச்சு" என்றார்.

கோபம் வந்தது. வந்த கோபத்தில் நியாயம் இல்லை என்பதும் தெரிந்ததால் கூடுதலாகக் கோபம் வந்தது. "சரி, நான் பத்தொம்பதுன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"குடுத்துருவாக."

"நெசமாவா?"

"குடுத்துருவாக. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே மோசமான வாரம். மில்லில் கணக்கு எழுதும்போதும் பத்தொன்பது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் பத்தொன்பது. யாரும் மறுக்கப் போவதில்லை என்ற பிறகு அந்த எண் என் வாயில் வரவே மாட்டேன் என்றது. எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் கயிறு இழுத்தால் மல்லாக்க விழ வேண்டியதுதான். இதுவும் ஒரு வியாபாரத் தந்திரமோ என்று ஒரு நாள் முழுக்க அந்த அக்காவைச் சந்தேகப்பட்டேன். மறுநாள், திருப்பூரில் பத்தொன்பதுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். அங்கே ஒரு படுக்கையறை வீடுகூடக் கிடைக்காது. அதற்கு நானா பொறுப்பு என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் உருப்படியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தத் தெருவில் ஒரு சென்ட் நிலம் என்ன விலைக்குப் போகிறது, கட்டடத்துக்கு எத்தனை வயது, தட்டோடு மாற்ற என்ன ஆகும் என்று நொட்டையையும் நல்லதையும் சேர்த்தே போட்டேன். இருபத்திரண்டு வந்தது. நியாயமான விலை. மனது கொஞ்சம் அடங்கியது. "இருபத்திரெண்டு சொல்றேன்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். மாடியில் நான் நின்றதிலிருந்து அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். நாங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு வெள்ளைக் கார் அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் போனது. உள்ளே போய் உட்கார்ந்ததும், யார் வந்துவிட்டுப் போவது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அக்கா ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். டிவி பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பார்க்குக்கு எடம் பாக்குறவராம். இருபத்தஞ்சுன்னாரு. வீடு பேசி முடிஞ்சுருச்சுன்னு இவ வாசலோட அனுப்பிட்டா."

பேசி முடிந்துவிட்டதாம். நான் இன்னும் விலையே சொல்லவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே, தேடி வந்த இருபத்தைந்தை அந்த அம்மாள் வாசலோடு அனுப்பியிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த அக்காவைப் பிடித்தும் போனது.

"சொல்லு தாயி" என்றார்.

"இருபத்து மூணரை" என்றேன்.

என் குரல்தான் அது. பக்கத்தில் என் கணவர் விறைத்துப்போனார். எங்களால் முடிந்ததே இருபத்து மூன்றுதான். அவர் என் காதருகில் குனிந்து, "அம்பதாயிரத்துக்கு எங்கிட்டுப் போறது?" என்றார். வாரம் முழுக்க நான் குறைத்துச் சொல்லிவிடுவேன் என்று பயந்த மனிதர், இப்போது கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் வளையல் இருக்கிறது என்று முணுமுணுத்தேன்.

அக்கா தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தப் புள்ள மொகத்தப் பாத்தா இருபத்தொண்ணுக்கு மேல ஒத்த ரூபா சொல்லாதுன்னு இவ சொல்லிக்கிட்டு இருந்தா. நாங்களும் அதுக்கே மனசத் தேத்தி வச்சுருந்தோம்."

இரண்டரை லட்சம். அவர்கள் எதிர்பார்த்ததைவிட அவ்வளவு கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் என்னைக் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் அக்கா ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார்.

"மேல பேச மாட்டேன்னுதான் சொன்னேன் தாயி. கீழ எறங்குறேன்னு சொல்லலயே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் முதலில் சிரித்தார். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க வயிற்றெரிச்சல் குறைந்தது. முழுவதும் போகவில்லை, குறைந்தது.

அதன் பிறகு அக்கா என் கையைப் பிடித்து எழுப்பி வீட்டைச் சுற்றிக் காட்டினார். "பேச்சு முடிஞ்சுருச்சு. இனி ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? கேட்டுக்க." போர்த் தண்ணீர் கோடையில் ஒரு மாதம் அடியோடு நின்றுவிடுமாம். நல்ல தண்ணீர்க் குழாயில் வரிசையை மீறினால் எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாளாம். வாயைக் கொடுக்காமல் இருந்தால் அவளே மறுநாள் நம் குடத்தை இடுப்புக்குத் தூக்கிவிடுவாளாம். பின்னறை சுவிட்சை ஈரக்கையோடு தொடக் கூடாது. ஐப்பசி மழையில் இந்த மூலையில் ஒழுகும், இங்கே ஒரு பாத்திரம் வைக்க வேண்டும் என்று சரியாக அந்த இடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். தட்டிப் பார்த்தும் குனிந்து பார்த்தும் நான் இதில் பாதியைக்கூடக் கண்டுபிடித்திருக்கவில்லை.

என் முகம் மாறியதைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன தாயி, ஏமாந்துட்டோம்னு நெனைக்கிறியா?"

நான் அதை நினைக்கவில்லை. பழைய பழக்கத்தில் ஒவ்வொரு குறைக்கும் எவ்வளவு கழிக்கலாம் என்றுதான் மனது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

"இல்லக்கா, நம்ம மாடிக்குத் தட்டோடு பதிக்க எந்தக் கொத்தனாரக் கூப்பிடலாம்னு யோசிச்சேன்" என்றேன்.