இரண்டு வீட்டுச் சோப்பு உருண்டை

நான் கஞ்சம்தான், மறைக்க ஒன்றுமில்லை. குளியல் சோப்பு தேய்ந்து நகத்தளவு சில்லாகி, கையிலிருந்து நழுவி ஓடினாலும் துரத்திப் பிடித்து எடுத்துவைக்கிற ரகம். "பொட்டியில வெச்சுப் பூட்டிடு, எவனாவது தூக்கினு போய்டப் போறான்" என்பார் கணவர்.

ஜமுனாமரத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, ஒரே கூரையின் கீழ் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தது. பக்கத்துப் பாதியில் என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, கணவன், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். குழாயும் துவைக்கிற கல்லும் இரு வீட்டுக்கும் பொது. வந்த புதிதில் என் சில்லுகளைப் பார்த்துவிட்டு, "அட, நானும் இப்டித்தான்க்கா, தூக்கிப்போட மனசே வராது" என்றாள். கஞ்சத்துக்குக் கஞ்சம் துணை. அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம்.

கல்லின் ஓரத்தில் ஒரு கொட்டாங்குச்சி வைத்தோம். இரண்டு வீட்டுச் சில்லுகளும் அதில் விழும். நிறைந்ததும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பழைய துணியில் கட்டிப் பிழிந்து, உருண்டை பிடித்துக் காயவைப்போம். பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கலந்து, உடம்பு சரியில்லாத லட்டு மாதிரி இருக்கும். ஆளுக்கு ஓர் உருண்டை. மலைக் குளிரில் சீக்கிரம் காயாது. காய்கிறதா என்று பார்க்கப் போகிற சாக்கில் ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்ப்போம்.

போன வருடம் என் முதுகில், ரவிக்கைக்குள், வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. போளூருக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். "இது வெண்புள்ளிம்மா. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க" என்றார். எனக்குப் பயம் புள்ளியைப் பற்றி இல்லை. தெருவுக்குத் தெரிந்தால் என் கையால் ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கணவரைத் தவிர நான் வாய் திறந்தது இவளிடம் மட்டும்தான். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. அவள் என் முதுகைத் தடவிக்கூடப் பார்த்தாள். "இதுல இன்னாக்கா இருக்குது? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றாள். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகும் உருண்டை பிடித்தோம். கை நீட்டி, சிரித்துக்கொண்டே தன் பங்கை வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் பின்பக்கம் போனால், கால்வாயில் நுரை பொங்கி ஓடுகிறது. துவைக்கிற கல் காலியாகக் கிடக்கிறது, எங்கிருந்து நுரை? அவள் வீட்டுப் பக்கமாகப் போய், உண்ணிச்செடிப் புதரை விலக்கிப் பார்த்தேன். வேரடியில் அத்தனையும் கிடந்தன, பாதி கரைந்து, எங்கள் உருண்டைகள். கரையாமல் இருந்த பக்கத்தில், ஒன்றில்கூடத் தேய்த்த அடையாளம் இல்லை.

முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் அவள் வாசலில் நின்றேன்.

"இன்னாம்மா இது?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "தப்பா நெனைக்காதக்கா. வூட்ல புள்ளைங்க இருக்குதுங்க. வெண்குஷ்டம் சோப்புல ஒட்டிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் அவளிடம் சொன்ன சொல் வெண்புள்ளி. அது எந்த வாயில் குஷ்டமாக மாறியதோ. அதைவிட அந்த 'எல்லாரும்' என்னைச் சுட்டது.

"எல்லாருக்கும் எப்டித் தெரியும்?"

எட்டிப் பார்த்த பிள்ளையை அவள் உள்ளே தள்ளினாள்.

"அப்போ சிரிச்சுக்கினே கைநீட்டி வாங்குனியே, அது எதுக்கு?"

"வேணாம்னு சொன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான்க்கா."

கூட இருந்தே குழி பறிப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். பறித்த குழியில் எனக்குப் பாயும் விரித்துப் போட்டிருக்கிறாள். உருண்டைகளை அவள் வாசலிலேயே கொட்டிவிட்டு உள்ளே வந்து அழுதேன். அந்த வெள்ளைத் திட்டுக்காக நான் ஒருநாளும் அழுததில்லை.

"வேற வூடு பார்த்துக்கலாம், வுடு" என்றார் கணவர். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் அவள் எதுவும் நடக்காதது போல, "நீ மொதல்ல புடிச்சுக்கக்கா" என்று வழிவிட்டாள். ஒரு நொடி எனக்கு மனசு இளகிவிட்டது. தெரியாத்தனமாகச் செய்துவிட்டாள், போகட்டும் என்றுகூட நினைத்தேன். குடத்தை உள்ளே வைத்துவிட்டு, மறந்துபோன செம்பை எடுக்கத் திரும்பி வந்தேன்.

நான் தொட்ட குழாய்த் திருகை அவள் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உறை பிரித்த புதுச் சோப்பு, எழுத்துக்கூட அழியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஒரே பாசியா இருக்குதுக்கா" என்றாள்.