மேல் அறைக்கு வந்த சூடு

ரூஜ் பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்ற்றில் ஒரு விறகடுப்பு உண்டு. அதில் சூடாகும் தண்ணீர் குழாய்களில் ஓடி, எல்லா அறைகளின் ரேடியேற்றர்களையும் சூடாக்கும். மேல் அறைக்கு மட்டும் ஒருநாளும் சரியாகச் சூடு வந்ததில்லை.

“இந்த அடுப்பைக் கழட்டி எறியுங்கோ” என்று ஓர் இரவு கணவரோடு சண்டைபிடித்துவிட்டு, அந்த அறையிலேயே போய்ப் படுத்தேன்.

காலையில் ரேடியேற்றர் மெல்ல முனகியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெதுவெதுப்பில் நெடுநேரம் பாதிக் கனவில் மிதந்தேன்.

கீழே இறங்கினால் ஒரே குளிர். அங்கிருந்த ரேடியேற்றர்களையெல்லாம் தண்ணீர் ஓடாமல் திருகிப் பூட்டிவிட்டு, ஜக்கெற்றோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் அவர்.

“ஏன் பூட்டினனீங்கள்?”

“அப்பதான் மேலை சூடு வரும்.”

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மேலை வாங்கோ” என்றேன்.