மார்ஃபாவின் தொப்பியில் உல்யானா

டிசம்பர் முதல் மார்ச் வரை எங்கள் சந்தையில் யாருக்கும் முகம் கிடையாது. தொப்பிதான் உண்டு. காது கிழிந்த முயல்தோல் தொப்பி வந்தால் சாவி செய்பவர். வெள்ளை நரித்தோல் தொப்பி வந்தால் சந்தை மேலாளரின் மனைவி. விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும். மூடுபனிக்குள்ளிருந்து செந்நரித்தோல் தொப்பி ஒன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தால், அது மார்ஃபா. பதினோரு வருடமாக என் பக்கத்து மேசையில் மீன் விற்றவள்.

நான் ஃபெக்லா. யாகுத்ஸ்க் சந்தையில் உறைந்த பால் விற்கிறேன். கிண்ணத்தில் ஊற்றி வெளியே வைத்தால் போதும், பால் கல்லாகிவிடும். அதை வட்டவட்டமாக அடுக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாங்குகிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ஆகவே அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

நான் சொல்ல வந்தது மார்ஃபாவைப் பற்றி இல்லை, அவள் தங்கை உல்யானாவைப் பற்றி. கைபேசி எங்கள் பக்கம் வராத காலம் அது. ஓர் அக்டோபர் மாதம் மார்ஃபா புதுப் புருஷனோடு தெற்கே வெயில் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். "ஆப்பிள் மரத்தடியில நிக்கப் போறவளுக்கு நரி எதுக்கு?" என்று தொப்பியைத் தங்கையின் தலையில் மாட்டிவிட்டாள். மேசையையும் கொடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற ரகம் இல்லை அவள்.

உல்யானாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருடம் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் கஞ்சி காய்ச்சியவள். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். அக்காவின் உயரம், அக்காவின் கண். அக்காவின் வாய் மட்டும் இல்லை. மார்ஃபா பேச ஆரம்பித்தால் சந்தையின் மறுகோடியில் நாய் எழுந்து நிற்கும். இவள் "மீன் வேணுமா?" என்று கேட்பதற்குள் ஆள் தாண்டிப் போய்விடுவான்.

ஆனால் கைவேலை என்றால் உல்யானாதான். எங்கள் தொப்பிகளில் மூக்கின் மேலிருந்து தாடை வரை மூடுகிற முகத்துணி ஒன்று பொத்தான் போட்டு மாட்டியிருக்கும். விடுகிற மூச்சு அதிலேயே உறைந்து ஒரு மணி நேரத்தில் துணி பலகையாகிவிடும். அதைக் கழற்றி, சந்தைக் கொட்டகை அடுப்பின் மேல் காயப் போட்டுவிட்டு, காய்ந்த இன்னொன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆளுக்குக் குறைந்தது மூன்று இருக்கும். நான் மட்டும் என் மூன்று கஜச் சால்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கும் பழைய ஆள். உல்யானா தைக்கும் முகத்துணியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பொத்தான், இடது பக்கம் மட்டும் காதுக்குக் கீழே தொப்பி மயிருக்குள் மூன்றாவதாக ஒரு பொத்தான். காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க அவளாகக் கண்டுபிடித்தது அது. போட்டுவிட்டால் அசையாது. ஆனால் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்துப் போடுவதற்குள் உயிர் போய்விடும்.

டிசம்பர் நடுவில் ஆறு கெட்டியாக உறைந்து, அதன் மேலே லாரி போகும் பனிச்சாலை திறந்தது. வடக்கேயிருந்து கவ்ரீலின் லாரி வந்தது.

கவ்ரீலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கொண்டு வரும் முக்சூன் மீனுக்கு நகரமே காத்திருக்கும். ஆனால் மார்ஃபாவைத் தவிர யாருக்கும் ஒரு செதில்கூடக் கொடுக்க மாட்டான். முன்பு யாரோ தெரியாதவளுக்குக் கொடுத்து, அவள் பழைய மீனையும் அவன் மீன் என்று கலந்து விற்று, அவன் பெயரைக் கெடுத்திருந்தாள். கவ்ரீல் இல்லையென்றால் அந்த மேசையில் விற்பதற்கு ஒன்றுமில்லை. மேசை இல்லையென்றால் உல்யானாவுக்குப் போக்கிடம் இல்லை.

அன்று மைனஸ் ஐம்பத்தொன்று. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கவ்ரீல் செந்நரித் தொப்பியைப் பார்த்தான், மூட்டைகளை இறக்க ஆரம்பித்துவிட்டான்.

"மார்ஃபா, இந்தத் தடவை மீன் நல்லா கொழுத்திருக்கு, பாத்துக்க."

உல்யானா தலையை ஆட்டினாள்.

"என்ன, பேச்சையே காணோம்? போன வருஷம் ரெண்டு நாள் லேட்டா வந்ததுக்கு என் ஏழு தலைமுறையையும் இழுத்தியே."

உல்யானா என்னைப் பார்த்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாதி இரக்கம். மீதி, இது எதுவரை போகும் என்று பார்க்கிற ஆசை.

"அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டார்" என்றேன்.

"அந்த டாக்டருக்கு இதுல பெரிய மீனா ஒண்ணு குடு. சந்தைக்கே நல்லது பண்ணியிருக்காரு" என்றான் கவ்ரீல்.

லாரி போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி சொல்லலை?"

"வாயத் தொறக்கறதுக்குள்ள மூணு மூட்டை இறக்கிட்டாரு அக்கா. அதுக்கப்புறம் சொன்னா மூணு மூட்டையத் திருடின மாதிரி ஆயிடாதா?"

"சொல்லாம இருந்தா?"

"அஞ்சு மூட்டையத் திருடின மாதிரி" என்றாள். அழுகையா சிரிப்பா என்று முகத்துணிக்கு வெளியே தெரியவில்லை. அடுத்த தடவை கட்டாயம் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தாள்.

அடுத்த தடவை மூன்று வாரம் கழித்து வந்தது. சந்தைக்கே விஷயம் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. அன்று கவ்ரீல் மூட்டைகளை இறக்கிவிட்டு உடனே போகாமல் நின்றான்.

"உன் தங்கச்சி எப்படியிருக்கா? உல்யானாதானே பேரு?" என்று கேட்டான். தன் முகத்துணியைத் தட்டிக் காட்டினான். "நீ அவகிட்ட தச்சு வாங்கிக் குடுத்து ஏழு வருஷம் ஆச்சு. ஆத்து மேல அடிக்கிற காத்துல லாரிக் கதவே பிச்சுக்கும், இது அசையலை. அந்த மூணாவது பொத்தானத்தான் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் தேடறேன். திட்டிக்கிட்டேதான் மாட்டறேன். ஆனா தச்ச கைக்கு மூளை இருக்கு. உனக்குப் பாரு, பொத்தானை ஓட்டைக்குள்ள விடவே தெரியாது."

உல்யானா அசையாமல் நின்றாள்.

"கல்யாணம் கில்யாணம் ஆச்சா அவளுக்கு?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். தொண்டைக்கட்டோடு கழுத்தும் சுளுக்கிக்கொள்ளுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு ஆட்டினாள்.

அவன் போனதும் கேட்டேன். "இன்னிக்கு ஏண்டி சொல்லலை? இன்னிக்கு எந்த மூட்டை தடுத்துச்சு?"

"அவரு என்னைப் பத்தி என்கிட்டயே விசாரிக்கிறாரு அக்கா. கேக்க நல்லாயிருந்துச்சு. இதுவரைக்கும் யாரும் விசாரிச்சதில்லை."

நான் பால் கட்டிகளைத் திரும்ப அடுக்கினேன்.

ஜனவரி கடைசியில் மூன்றாம் முறை வந்தவன், கோட்டுக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கருந்தோலை எடுத்தான். வால்வரின் தோல். கரடிக்கும் கீரிக்கும் பிறந்தது போல ஒரு காட்டுப் பிராணி அது. அதன் மயிரில் மூச்சுப் பனி ஒட்டாது, உதறினால் கொட்டிவிடும். வடக்கத்திக்காரன் அதைச் சும்மா யாருக்கும் கொடுத்துவிட மாட்டான்.

"உன் தங்கச்சிகிட்ட குடு. முகத்துணி ஓரத்துக்கு வச்சுத் தைக்கச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றான்.

உல்யானா அதை வாங்கிக்கொண்டாள். அன்று அவள் ஒரு மீனும் சரியாக நிறுத்துக் கொடுக்கவில்லை. மறுநாள் அவள் முகத்துணியின் மேல் ஓரத்தில் கறுப்பு மயிர் இருந்தது. "போட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

இப்படியே மார்ச் முடிந்துவிடும், பனிச்சாலை மூடிவிடும், குட்டு வெளிப்படாமலே குளிர்காலம் போய்விடும் என்று நான் கணக்குப் போட்டேன். வெளிப்பட வேண்டும் என்றும் இருந்தது, வெளிப்படக் கூடாது என்றும் இருந்தது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் முகத்திலாவது குளிரில் ரத்தம் செத்து வெள்ளை விழுந்தால், பார்த்தவர் சொல்லியே ஆக வேண்டும். அவரவர் முகத்து வெள்ளை அவரவருக்குத் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. அதனால் தெரிந்தவர், தெரியாதவர், ஆகாதவர் என்று பார்ப்பதில்லை. ஒரு முறை எனக்கு அபராதம் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரனிடம், "தம்பி, காது நுனியில வெள்ளை" என்று சொல்லியிருக்கிறேன். நன்றி சொல்லிவிட்டு அபராதத்தையும் எழுதினான்.

பிப்ரவரி பாதியில் கவ்ரீல் நான்காம் முறை வந்தான். முகத்துணி இல்லாமல் வந்தான். ஆற்றின் நடுவில் டீசல் குழாய் ஒழுகியிருக்கிறது. கையில் கிடைத்தது முகத்துணிதான், அதை வைத்துக் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் காற்றில் நின்று வேலை பார்த்திருக்கிறான். இதைச் சொல்லிக்கொண்டே ஐந்து மூட்டைகளையும் இறக்கினான். கடைசி மூட்டையோடு நிமிர்ந்தபோது நாங்கள் இருவரும் பார்த்தோம். இடது கன்னத்தில் வெள்ளை. சிறு புள்ளி இல்லை, கண்ணுக்குக் கீழேயிருந்து மூக்கோரம் வரை மெழுகு தடவியது போல.

நான் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் உல்யானா பேசிவிட்டாள்.

"கன்னத்துல வெள்ளை விழுந்திருக்கு."

மார்ஃபாவின் குரல் இல்லை அது. மார்ஃபாவுக்கு அவ்வளவு மெல்லப் பேசத் தெரியாது. கவ்ரீல் அப்படியே நின்றான். அவள் இங்கும் அங்கும் பார்த்தாள். அவளுடைய மற்ற முகத்துணிகள் கொட்டகை அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தன, கொட்டகைக்காரர் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். உலர்ந்து, சூடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கால் மணி நேரத்துக்கு முன்பு அவள் மாட்டிக்கொண்டது.

என் சால்வையைக் கொடுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உல்யானா கையுறையைக் கழற்றினாள். காதோரம் கை போனது. பொத்தான்கள் கழன்றன. அந்தக் குளிர்காலம் முழுக்க இல்லாத முகம் மேசைக்குப் பின்னால் வந்து நின்றது. கொஞ்சம் உருண்டை முகம், மூக்கின் மேல் இரண்டு மச்சம். மார்ஃபா இல்லை என்று தெரிய ஒரு பார்வை போதும். அவள் எட்டி, வெறுங்கையால் அவன் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்தாள். பிறகு முகத்துணியை அவன் தொப்பியில் மாட்டினாள். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. மூன்றாவது பொத்தானை, அவன் ஏழு வருடமாகப் பத்து நிமிஷம் தேடும் பொத்தானை, மயிருக்குள் விரலை விட்டு, பார்க்காமலே ஒரு நொடியில் போட்டாள்.

இப்போது அவள் முகம் வெளியே இருந்தது, அவன் முகம் உள்ளே போய்விட்டது. கறுப்பு மயிருக்கு மேலே இரண்டு கண்கள்தான். கோபமா, அதிர்ச்சியா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்துணியை எட்டிப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும்போல என் கை துடித்தது.

"மார்ஃபா அக்டோபர்லயே போயிட்டா. நான் சொல்லியிருக்கணும்" என்றாள் உல்யானா.

கவ்ரீல் அவளைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான். குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தான். போனது மேசை என்று நினைத்தேன். மற்ற நாலு மூட்டையையும் வந்து எடுத்துப் போவான். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. என்மேலும் வந்தது, அந்த டாக்டரைக் கிளப்பிவிட்டவள் நான்தானே. உல்யானா நின்ற இடத்திலேயே நின்றாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

பத்தடி போனவன், இன்னும் இரண்டடி போனால் மூடுபனியில் மறைந்துவிடுவான், அங்கே நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"உல்யானா, மூக்குல வெள்ளை விழுது" என்றான்.

நடந்து வந்தான். மூட்டையைப் பழைய இடத்திலேயே போட்டான். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் அவள் மூக்கைப் பொத்தினான்.

நான் அப்போதுதான் என் சால்வையை அவிழ்க்க ஆரம்பித்தேன்.