அரை டம்ளர் டீ

அப்பா குடித்ததே இல்லை. ஆனாலும் ஆம்பூரில் அவர் வேலை பார்த்த ஷூ கம்பெனி கேட்டில் தினமும் வாயை ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். நடந்தால் கால் பின்னும். தோள் தானாகக் குலுங்கும். "இன்னாப்பா, காலைலயே ஏத்திட்டியா?" என்று தெருவில் சிரிப்பார்கள். தையல் மிஷினில் விரல் மாட்டிய பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். மூளையைத் தாக்கும் நோய், தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது என்றார்கள். அப்பாவிடமிருந்து அது எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டிருப்பாள் போல. அன்றிலிருந்து நான் பென்சில் பிடித்தாலே பக்கத்தில் வந்து நின்றாள்.

இதே நோயுள்ள குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடும் சர்ச் ஹாலுக்கு முதல்முறை போனபோது எனக்கு ஒன்பது வயது. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பாவின் தோள். அவரவர் நாற்காலியில் குலுங்கிக்கொண்டே சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் வாயே திறக்காத அப்பா கேட் கதையைச் சொன்னார். "எனக்கும் அதே ஊதல்தான்ணே!" என்று ஒருவர் சிரிக்க, அப்பாவும் சிரித்தார்.

டீ வந்தது. எல்லோருக்கும் அரை டம்ளர்தான். கை நடுங்காதவர்களுக்கும் அரைதான்.

"ரொம்ப கஞ்சம்மா இவங்க," என்றேன் அம்மாவிடம், கொஞ்சம் சத்தமாகவே.

டீ ஊற்றிய குடியாத்தத்து அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவருடைய வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டியவர். அவருக்கும் இதே நோய். "வாய பாரு இதுக்கு! இந்தா, உனக்கு ஃபுல்லு," என்று விளிம்புவரை ஊற்றி, "போ, உங்க அப்பாகிட்ட போய் உக்காந்து குடி," என்றார்.

அப்பா ஹாலின் மறுகோடியில் இருந்தார். நான் நடக்க நடக்கப் பேச்சு அடங்கியது. புதுப் பாவாடையில் கொட்டிவிடுவேன் என்று பயப்படுகிறார்கள் என நினைத்து, இன்னும் மெதுவாக நடந்தேன்.

"பாத்தியாப்பா, ஒரு சொட்டுகூட சிந்தல!"

அப்பா டம்ளரைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கெட்டிலோடு வந்த அக்கா அப்பாவின் தோளில் கை வைத்தார். "அண்ணே, நாங்களும் எங்க புள்ளைங்க கைய இப்படித்தான் பாத்துனு இருந்தோம். போதும். கொழந்தய குடிக்க விடுங்க, டீ ஆறுது."

டீ ஆறுவது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மடமடவென்று குடித்தேன்.