திங்கட்கிழமை போட்ட பதினொரு வண்டிகள்

ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ரெண்டு தடவை அக்கா’. எந்த விலாசத்தையும் ஒரு தடவை சொல்லி விடமாட்டாள். “மூணாவது மாடி, நீலக் கதவு. மூணாவது மாடி, நீலக் கதவு” என்பாள். எதிர்முனையில் இருப்பவன், “காது நல்லாத்தான்க்கா கேக்குது” என்று சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், தப்பான வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருந்தால் சரி என்பது அவள் கணக்கு.

சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வண்டிகளை, யார் வீட்டுக்கு எது, எத்தனை மணிக்கு என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக இதே வேலைதான். முதலில் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தாள். அந்த அறையைக் காலி செய்தபிறகு வீட்டுப் படுக்கையறையில், ஜன்னலோரம், இஸ்திரி போடும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அவளையும் சேர்த்து நான்கு பேர், ஆளுக்கொரு மையம். அவள் மையத்தில் ஒருநாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நோயாளிகள், மூன்று வேளையாக வந்துபோவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி தன் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியது. “நீங்க எதுவும் செய்ய வேண்டாம், எப்பவும்போல திறந்தா வரும்” என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை திறந்தாள். எப்பவும்போல வந்தது. மறுநாளைக்கான பதினொரு பேருக்கும் வண்டி போட்டாள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தாள், பதினொன்றும் பதிவாகிவிட்டது என்று பச்சையாக மாறியதும் கணினியை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. தையல்காரரின் மகள். தையல்காரர் என்றால் முன்னொரு காலத்தில் கடை வைத்திருந்தவர், எழுபது தாண்டியவர், வாரத்தில் மூன்று நாள் முதல் வேளைக்குப் போகிறவர்.

“அக்கா, வண்டி இன்னும் வரலையே. ஆறேகால்னு சொன்னீங்க. அப்பா கீழ வந்து நிக்கிறாரு.”

“வந்துட்டே இருக்கும்மா, ஒரு நிமிஷம் இரு” என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள். ஆறேகால், தையல்காரர், ‘ஹாரன்’ வண்டி. பச்சைதான். ஹாரன் என்பது அந்த ஓட்டுநரின் பட்டப்பெயர். வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காத மனுஷன் என்பதால் வந்தது. உடனே அவனைக் கூப்பிட்டாள். தூக்கக் குரலில் எடுத்தான்.

“எங்கப்பா இருக்கே? தையல்காரர் வாசல்ல நிக்கிறாரு!”

“எனக்கு இன்னிக்கு ஓட்டமே இல்லையேக்கா. என் போன்ல லிஸ்ட் காலி. லீவுன்னு நினைச்சுச் சந்தோஷமாத் தூங்கிட்டேன்.”

“விளையாடாதே. நான் கண்ணால பாத்துட்டிருக்கேன், உன் பேருதான் இருக்கு.”

“சத்தியமா காலிக்கா. வேணும்னா படம் புடிச்சு அனுப்பறேன்.”

“படம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பு!”

அவனை அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைக்கவில்லை, அடுத்த அழைப்பு. இன்னொரு வீடு, அதே கேள்வி. அதன்பின் மூன்றாவது. முதல் வேளைக்கு நான்கு பேர். நான்கு பேரும் வாசலில். நான்கு ஓட்டுநர்களின் பட்டியலும் காலி. அவள் திரையில் மட்டும் எல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா இது, நீங்க நேத்து ஒண்ணுமே போடலையே” என்றார் அவர், எடுத்த எடுப்பில். “இங்க உங்க மையத்துக்கு நேரா ஒரு வரிகூட இல்லை.”

“போட்டேன் சார். பதினொண்ணும் போட்டேன். இப்பக்கூடக் கண்ணெதிர்ல இருக்கு.”

“மத்த மூணு பேருக்கும் சரியாத்தானே வருது? உங்களுக்கு மட்டும் எப்படிம்மா? நல்லா யோசிச்சுப் பாருங்க. வேற தேதியில போட்டுட்டீங்களா?”

நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்தச் சொல்தான் அவளை உலுக்கியது. அவள் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் மறதி ஆரம்பித்தது. வீட்டுச் சாவியை ஃபிரிஜ்ஜுக்குள் வைத்துவிட்டு, வைக்கவே இல்லை என்று அடித்துச் சொல்வாள். கண்ணெதிரே எடுத்துக் காட்டினாலும், யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பாள். மகளான இவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. திரையில் இருக்கிற பச்சை உண்மையிலேயே இருக்கிறதா? விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

ஆனால் நான்கு பேர் வாசலில் நிற்கும்போது உட்கார்ந்து பயப்பட நேரம் ஏது? பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, பதினொரு பெயரையும் பேனாவால் எழுதினாள். ஓட்டுநர்களின் எண்கள் மனப்பாடம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் எங்கே என்று வாயாலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். எண்கள் தடுமாறாமல் வந்தது மட்டும் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது.

மையத்துக்கும் கூப்பிட்டுச் சொன்னாள். அங்கிருந்த நர்ஸ் கறாராகப் பேசினாள்.

“ஏழரைக்குள்ள ஆள் வராத மெஷினை அவசரக் கேஸுக்குக் குடுத்துடுவோம். உங்களுக்கே தெரியும்.”

“அந்தத் தையல்காரரை மட்டும் பாத்துக்கோங்க சிஸ்டர். சனிக்கிழமைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் வர்றாரு. ரெண்டு நாள் இடைவெளி.”

“தெரியும்மா. ஆனா மெஷின் என் கையில இல்ல.”

மற்ற மூன்று பேரும் எப்படியோ ஏழரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹாரன் வண்டி எட்டேகாலுக்குத்தான் உள்ளே நுழைந்தது. தையல்காரரின் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். பதினொரு மணி வேளையில் பார்க்கலாம் என்று பெஞ்சில் உட்காரவைத்தார்கள். “மூச்சு வாங்குதுக்கா அவருக்கு. காலெல்லாம் வீங்கியிருக்கு” என்று ஹாரன் போனில் தாழ்ந்த குரலில் சொன்னான்.

எட்டரைக்குக் கம்பெனியின் கணினிப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பொறுமையான குரல்.

“மேடம், உங்க மொபைல்ல வைஃபையை அணைச்சுட்டு, சிம் நெட்டுல நம்ம பக்கத்தைத் திறங்க.”

திறந்தாள். பட்டியல் காலி.

“இப்ப வைஃபையைப் போட்டுத் திறங்க.”

பதினொரு பச்சை.

“அப்பாடா” என்றாள் அந்தப் பெண். “நீங்க போட்டதெல்லாம் பழைய சர்வர்ல இருக்கு மேடம். தகவலை எடுக்கறதுக்காக அதை இந்த வாரம் பூரா ஓடவிட்டிருக்கோம். உங்க வீட்டு நெட் மட்டும் இன்னும் பழைய இடத்துக்கே கூட்டிட்டுப் போகுது.”

அப்படியென்றால் புத்திக்கு ஒன்றுமில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அழுது முடிக்க அந்தப் பெண் விடவில்லை. விளக்கிக்கொண்டே போனாள். நாம் இணையதளத்தின் பெயரைத்தான் அடிக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் எண்ணால் ஆன ஒரு முகவரி இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் அதை விசாரித்துச் சொல்வது வீட்டு ரவுட்டரின் வேலை. ஒருதரம் விசாரித்ததைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். சர்வர் இடம் மாறினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்கவேண்டும். அவள் வீட்டு ரவுட்டர் இரண்டு நாளாகியும் மறக்கவில்லை.

கணினியின் ஞாபகத்தை அழித்துப் பார்த்தார்கள். பழையதே வந்தது. ரவுட்டரின் வயரைப் பிடுங்கி, அறுபது எண்ணி, மறுபடி சொருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதற்குள் உயிர் போய்வந்தது. அப்புறமும் அதே பதினொரு பச்சை.

“இது தானா ஞாபகம் வச்சிருக்கிற மாதிரி தெரியலை மேடம். யாரோ கையால எழுதி வச்சிருக்காங்க. ரவுட்டர் உள்ள போய்ப் பாக்கணும். பாஸ்வேர்டு தெரியுமா?”

ரவுட்டரைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த சீட்டில் இருந்ததை அடித்தாள். தப்பு. பெரிய எழுத்தில் அடித்தாள். தப்பு. மூன்றாவது தடவைக்கு, ஐந்து நிமிடம் கழித்து வா என்று கதவைச் சாத்திவிட்டது. இதற்குள் இரண்டாம் வேளை நோயாளிகள் நான்கு பேருக்கு வண்டி சொல்லியாகவேண்டும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு காலண்டர் தாளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

ரவுட்டரை வாங்கி மாட்டியது அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் போனை எடுக்கமாட்டார், எடுக்கவும் கூடாது. ஏழு தடவை அடித்தாள். டீ குடிக்க மேலே வந்தவர் பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டார்.

“என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?”

“ரவுட்டர் பாஸ்வேர்டு என்னங்க?”

“அட, அதுக்கா ஏழு தடவை? நான் என்னமோ ஏதோன்னு...”

“சொல்லுங்க முதல்ல. ரவுட்டர்ல எங்க ஆபீஸ் முகவரியை ஏதாவது கையால போட்டீங்களா?”

அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போன வருஷம் ரெண்டு நாள் உன் ஆபீஸ் பக்கம் திறக்கவே இல்லேன்னு புலம்பினியே. எங்க ஆள் ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். நம்பரை நேரா எழுதிவச்சா உடனே திறக்கும்னான். திறந்துச்சே. நீகூட, கெட்டிக்காரர்தான்னு சொன்னே.”

“சொன்னேன். நம்பர் எழுதினதை நீங்க எங்கிட்ட சொல்லலையே.”

“எழுதி வச்சிருக்கேன்ல?”

“எங்க?”

“ஃப்யூஸ் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம்.”

லிஃப்டுக்காரர்கள் எந்த லிஃப்டைப் பழுதுபார்த்தாலும், தேதியையும் செய்த வேலையையும் பேனல் கதவின் உள்பக்கம் எழுதிவிட்டு வருவார்கள். அடுத்து வருகிறவன் பார்க்கவேண்டும் என்பதற்காக. மனுஷன் வீட்டிலும் அதையே செய்திருக்கிறார். ஸ்டூலைப் போட்டு ஏறி, நடைவழி ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தாள். பதினாலு வருஷ வீட்டுச் சரித்திரமே அங்கே இருந்தது. குளியலறை ஹீட்டர் மாற்றிய தேதி, அழைப்பு மணி சரிசெய்த தேதி. கீழே, பென்சிலில், ரவுட்டர் பாஸ்வேர்டு. அதற்கும் கீழே: ‘இவள் ஆபீஸ் நம்பர் கையால் போட்டது. பிறகு எடுக்கவும்.’

பிறகு எடுக்கவும்! பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

பத்தே முக்காலுக்கு ரவுட்டருக்குள் போனாள். அந்தப் பெண் சொன்ன இடத்தில் ஒரு சின்னக் கட்டம். இடப்பக்கம் கம்பெனி தளத்தின் பெயர், வலப்பக்கம் எண்கள். ஒரே ஒரு வரி. அழித்தாள். கணினியின் ஞாபகத்தை மறுபடி அழித்துவிட்டுத் தளத்தைத் திறந்தாள்.

வெறும் பட்டியல் வந்தது. நேற்று உட்கார்ந்து போட்ட ஒன்றுமே இல்லை. வாழ்க்கையில் ஒரு காலிப் பக்கத்தைப் பார்த்து அவள் அப்படி நிம்மதியாக மூச்சுவிட்டதில்லை. தாளில் இருந்த பெயர்களை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். ஒன்றை முடித்ததும் ஹாரனைக் கூப்பிட்டு, “உன் போன்ல வந்துச்சா?” என்று கேட்டாள். வந்துவிட்டது என்றான். அப்புறம்தான் அடுத்ததைப் போட்டாள்.

தையல்காரருக்குப் பதினொன்றேகாலுக்கு மெஷின் கிடைத்தது. அதற்குமுன் அரைமணி நேரம் ஆக்ஸிஜன் வைக்கவேண்டி வந்தது. மூன்றரைக்கு, எல்லாம் முடிந்து ஆள் தேறிவிட்டார் என்று நர்ஸ் சொல்லும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் தையல்காரரின் மகள் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பித்தான்க்கா, ஒண்ணேகால் மணி நேரம் வாசல்லயே நிக்கவச்சேன். இல்லேன்னா அப்பவே ஆட்டோ புடிச்சிருப்பேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கணவர் ஆறு மணிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவள் சாப்பாட்டை எடுத்துவைத்தாள். “நல்லதுக்குன்னுதான் பண்ணேன்” என்றார். “தெரியும். அதனாலதான் திட்டவும் முடியலை” என்றாள்.

மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. திங்கட்கிழமை மாலையே பட்டியல் காலியாக இருந்ததை அவரும் பார்க்கவில்லை என்பது மெல்ல வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை பழைய சர்வரை அணைத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் பல வாரங்களுக்கு, வேலை முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைலில் ஒருமுறை பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. அடுத்த மாதம் யாரிடமும் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் போய், ஞாபகசக்தியைச் சோதிக்கச் சொன்னாள். நன்றாக இருக்கிறது என்றார் அவர். பாதிதான் நம்பினாள்.

ஆனால் அதற்குமுன்பே, அந்தச் சனிக்கிழமை, அவள் மையத்துக்கு நேரில் போனாள். தையல்காரர் சாய்நாற்காலியில், கையில் குழாயோடு, கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் மகள். தான் யாரென்று சொன்னதும் மகளின் முகம் இறுகியது. தையல்காரர் கண்ணைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

“போன்ல கேட்டா ஆறடி இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்றார்.

“மன்னிச்சுடுங்க ஐயா. என் வீட்டுலதான் தப்பு.”

“என்ன தப்புன்னு ஹாரன் சொன்னான். எனக்கு ஒண்ணும் புரியலை. அவனுக்கும் புரியலைன்னு நினைக்கிறேன்.” அதற்குமேல் பேச அவருக்கு அலுப்பாக இருந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கிளம்பும்போது மகள் நடைவழிவரை வந்தாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

“இது பக்கத்து வீட்டுக்காரங்க நம்பர். அவங்ககிட்ட கார் இருக்கு. வண்டி பத்து நிமிஷம் தாமதமானாலும் எனக்கும் அடிங்க, இவங்களுக்கும் அடிங்க.”

“அடிக்கிறேன்மா” என்று சீட்டை வாங்கினாள். ஐந்தா ஆறா என்று புரியாத ஓர் எண்ணைக் காட்டிக் கேட்டாள். ஆறு என்றாள் மகள். அங்கேயே சுவரில் சீட்டை வைத்து, அந்த எண்ணைப் பேனாவால் அழுத்தித் திருத்திக்கொண்டு படியிறங்கினாள்.